தன்னளவில் பொருத்தமானவை

நமசிவாயத்தின் குரல் கோப்பாயில் ஒரு வீட்டின் முன்னறையில், ஒரு கணினிக்குள் இருந்தது. வேறெங்கும் இருக்கவில்லை.

நெடுங்காலமாக அவர் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, வாசிகசாலை ஆண்டுவிழா, கலியாண வீடு என்று எங்கே மைக் கட்டினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை எடுக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னபோது, மகள் தனுசியா வவுனியாவில் இருந்து லீவு போட்டு வந்தாள். தகப்பனைக் கதிரையில் இருத்தி நாள்தோறும் பேசவைத்துப் பதிந்தாள். அவர் தேவாரம் பாடினார். பெண் பார்க்கப் போன அன்று மாமனார் வீட்டு நாய் துரத்திய கதையைச் சொன்னார். இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தார். பூஞ்சணம் பிடித்த பழைய கசெற்றுகளில் கிடந்த அறிவிப்புகளையும் கணினியில் ஏற்றினார்கள். ஏற்றிய பிறகு கசெற்றுகளைக் குப்பையோடு எரித்தார்கள். போனில் இடம் காணாது என்று தனுசியா அதிலிருந்தவற்றையும் அழித்தாள். இணையத்தில் போட்டுவைக்கலாம் என்றுதான் முதலில் பார்த்தார்கள். வீடிருந்த சிறு ஒழுங்கைக்கு வருகிற இணையம் ஒரு தேவாரத்தின் பாதியிலேயே களைத்துப்போனது. கணினியில் இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டார்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு நமசிவாயம் மத்தியானங்களில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து தன் குரலைக் கேட்பார். கழுத்துத் துவாரத்தை மூடிய துணி ஏறி இறங்க, உதடுகள் கூடவே அசையும். அவர் மனைவி பராசக்தி குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அப்படி ஒருநாள், அந்தக் குரலுக்கு நடுவில் வேறொரு சத்தம் கேட்டது. யாரோ நகத்தால் மேசையில் தட்டுவது போல.

மருதனார்மடம் சந்தியில் கணினிக் கடை வைத்திருக்கும் சிவரூபன், பராசக்தி கொண்டுபோன கணினியில் காதை வைத்துக் கேட்டான்.

"அக்கா, டிஸ்க் சாகப்போகுது. இனி இதைப் போட்டுப் பாக்காதேங்கோ. ஒரு புது டிஸ்க் வாங்கினால் இண்டைக்கே கொப்பி பண்ணித் தாறன்."

"பேந்து அந்தப் புதுசும் செத்தால்?"

"அப்பிடியெண்டால் வீட்டிலை ஒரு சின்னச் சேர்வர் கட்டுங்கோ. பெட்டி ஒண்டு, அதுக்குள்ளை ரெண்டு டிஸ்க். ஒண்டு செத்தாலும் மற்றதிலை கிடக்கும். ஆனா எந்தப் பலகையோடை எந்த டிஸ்க், எந்த மெமரி எண்டு பாத்து வாங்கவேணும். எல்லாம் எல்லாத்தோடையும் சேராது. அது பிறகு பாப்பம், முதல்லை கொப்பியை எடுப்பம்."

அவன் சொன்னது முழுவதும் சரி. ஆனால் கடைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய பதாகை தொங்கிக்கொண்டிருந்தது. "இல்லத் தரவுக் களஞ்சியப் பொருத்தப்பாட்டு ஆலோசனை நிலையம், திருநெல்வேலி. எது எதோடு பொருந்தும்? தொடக்கநிலையாளர்களுக்கு முற்றிலும் இலவச வழிகாட்டல்." பதாகையின் நடுவில் கோட் அணிந்த ஒருவர் கைகூப்பி நின்றார். கடைக்காரன் தன் சாமானை விற்கத்தான் பார்ப்பான், இவர்கள் படித்தவர்கள், இலவசமாகச் சொல்கிறார்கள் என்று பராசக்தி நினைத்தாள். டிஸ்க்கைக் கழற்றித் தரச்சொல்லிக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வீட்டில் கணினி திருத்த வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். நமசிவாயம் தலையாட்டினார்.

நிலையம் பலாலி வீதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் இருந்த அலுவலர் இருக்கச் சொன்னார்.

"சேர்வர் எண்டால் என்னெண்டு தெரியுமோ அம்மா?"

"ரெண்டு டிஸ்க் இருக்கிற பெட்டி. ஒண்டு செத்தாலும் மற்றதிலை கிடக்கும்."

அலுவலர் பேனையைக் கீழே வைத்தார். "உங்களுக்கு விசயம் தெரிஞ்சிருக்கு. இது தொடக்கநிலையாளருக்கான நிலையம்."

"இவ்வளவும்தான் தம்பி தெரியும். இதுக்கு மேலை ஒண்டும் தெரியாது."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுவினம். தெரியாதெண்டு உங்கடை கிராம சேவையாளரிட்டை எழுதி வாங்கிக்கொண்டு வாங்கோ."

கிராம சேவையாளர் பராசக்தியைச் சிறு வயதில் இருந்து அறிந்தவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வதிவிடம் எழுதலாம், வருமானம் எழுதலாம். ஒருத்தருக்கு ஒண்டும் தெரியாதெண்டு நான் எப்பிடியம்மா எழுதிறது? நீங்கள் மாதர் சங்கத் தலைவி எல்லே." பராசக்தி வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் அவர் மனமிரங்கி, மேற்படி நபருக்கு மேற்படி விடயத்தில் யாதொரு அறிவும் இல்லை என்பதைத் தனிப்பட்ட முறையில் தான் நன்கறிவதாக எழுதி முத்திரை குத்தினார். நிலையத்தில் அதைப் பார்த்ததும் மரியாதையாக உள்ளே அழைத்துப் போனார்கள்.

புதியவர்களுக்கான வரவேற்புக் கூட்டத்தில் முதலில் விளக்கேற்றினார்கள். தாம்பாளத்தில் ஒரு கணினித் தாய்ப்பலகை வைக்கப்பட்டு, அதற்குச் சந்தனமும் குங்குமமும் இடப்பட்டிருந்தன. பிறகு பதாகையில் நின்ற கோட்டுக்காரர், பணிப்பாளர் தியாகராசா, பேச எழுந்தார்.

"அன்புக்குரிய தொடக்கநிலையாளர்களே! நேற்று ஒருவர் என்னிடம் வந்து, எந்தப் பெட்டியை வாங்கலாம் என்று நேரடியாகக் கேட்டார். எனக்கு மனவருத்தமாக இருந்தது. விடையை நான் சொல்லிவிட்டால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டால் இந்த நிலையம் எப்படித் தொடர்ந்து மக்களுக்கு உதவுவது? நாங்கள் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை ஒரு பிழையான பரிந்துரைகூடச் செய்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ஏனென்றால் நாங்கள் இதுவரை எந்தப் பரிந்துரையும் செய்ததில்லை."

அலுவலர்கள் கை தட்டினார்கள். பராசக்தி கையை உயர்த்தினாள்.

"ஐயா, என்ரை டிஸ்க்கிலை சத்தம் வருது. கெதியா ஒரு வழி சொல்லாட்டி..."

"டிஸ்க் என்று சொல்லக்கூடாது," என்றார் பணிப்பாளர் கனிவாக. "வன்தட்டு."

"வன்வட்டு," என்றார் இரண்டாம் வரிசையில் இருந்த ஓர் அலுவலர். "தட்டு எண்டால் சாப்பிடுற தட்டு."

"வட்டு என்றால் பனை மரத்து உச்சி," என்றார் பணிப்பாளர்.

சொல்லாக்கக் குழு அந்த இடத்திலேயே கூடியது. ஒருவர் இலக்கணத்தை எடுத்தார், ஒருவர் பாடப்புத்தகத்தை எடுத்தார். சேர்வரை வழங்கி என்பதா பரிமாறி என்பதா என்ற பழைய வழக்கும் இடையில் எழும்பியது. தேத்தண்ணி வந்தது, வடை வந்தது. வாக்கெடுப்பு நடத்தப் போதிய உறுப்பினர் இல்லை என்று கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. முடிவு வரும்வரை அந்தப் பொருளை 'மேற்படி பொருள்' என்று அழைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். பராசக்தியின் கைப்பையில், மேற்படி பொருள் ஒரு துவாயில் சுற்றிக் கிடந்தது.

அடுத்த முறை அவளைப் பிரிவுகளுக்கு அனுப்பினார்கள். தாய்ப்பலகைப் பிரிவுக்குக் கஜானன் பொறுப்பு. வன்தட்டுப் பிரிவுக்கு லவீனா பொறுப்பு. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும் இருந்தது. அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

கஜானன் ஒரு பலகையின் படத்தைக் காட்டினார். "அருமையான பலகை அம்மா. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்."

"இதிலை ரெண்டு டிஸ்க் கொழுவலாமோ?"

"அது வன்தட்டுப் பிரிவு."

லவீனா ஒரு வன்தட்டின் படத்தைக் காட்டினார். "இராப்பகலா ஓடினாலும் சூடாகாது. வீட்டுச் சேர்வருக்கெண்டே செய்தது."

"பக்கத்து அறையிலை ஒரு பலகை காட்டினவை மிஸ். இது அதோடை சேருமோ?"

"பலகை எங்கடை பிரிவில்லை."

"நீங்கள் ஒருக்கா எட்டி அவரைக் கேட்டுச் சொன்னால்..."

லவீனாவின் முகம் இறுகியது. பின்னால் இருந்த உதவியாளர் பராசக்தியை வெளியே கூட்டிவந்து மெதுவாகச் சொன்னார். நிலையத் திறப்புவிழாவில் குத்துவிளக்கின் மூன்றாவது திரி லவீனாவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்ததாம். அதைக் கஜானன் ஏற்றிவிட்டாராம். அன்றிலிருந்து இரு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம்.

"அப்ப ஒண்டோடை ஒண்டு பொருந்துமோ எண்டு ஆர்தான் தம்பி சொல்லுவினம்?"

உதவியாளர் வியப்போடு அவளைப் பார்த்தார். "அதுக்குத்தானே அம்மா இந்த நிலையமே இருக்கு."

பராசக்தி திரும்பப் போய் லவீனாவின் முன்னால் உட்கார்ந்தாள். கையில் ஏதாவது ஒன்று கிடைக்காமல் வீட்டுக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. புதிய வன்தட்டுக்குப் பொருத்தச் சான்றிதழ் தருவதென்றால் பழையதின் நோய் வரலாற்றை ஆராயவேண்டும், அதை ஒப்படையுங்கள் என்றார் லவீனா. சான்றிதழ் வரும்வரை வெளியில் எந்தச் சாமானும் வாங்கக்கூடாது, வாங்கினால் பதிவு ரத்தாகும் என்றும் சொன்னார்.

"மிஸ், இதுக்குள்ளை எங்கடை அவரின்ரை குரல் கிடக்கு. அவருக்கு இனிக் கதைக்க ஏலாது. இது ஒண்டுதான் இருக்கு."

"பயப்பிடாதேங்கோ அம்மா. இஞ்சை பாதுகாப்பா இருக்கும்."

பராசக்தி துவாயை அவிழ்க்காமலே கொடுத்தாள்.

வீட்டில் நமசிவாயம் மத்தியானங்களில் வெறும் மேசைக்கு முன்னால் போய் உட்காரத் தொடங்கினார். கணினி எப்போது வரும் என்று கையால் கேட்பார். வரும் வரும் என்று சொல்லிவிட்டு அவள் கிணற்றடிக்குப் போய்விடுவாள். தனுசியா வவுனியாவில் இருந்து போன் எடுக்கும்போதெல்லாம், பிள்ளை பிறந்ததும் அப்பா ஆனா ஆவன்னா சொன்னதை அனுப்பிவிடுங்கோ என்றாள். பராசக்திக்கு நித்திரை போனது. பொறுக்கமாட்டாமல் சிவரூபனிடம் ஓடினாள்.

அவன் தலையில் கை வைத்தான். "அக்கா, ஆருக்குக் குடுத்தனீங்கள்? அவை அதைப் போட்டு ஓட்டினால் எல்லாம் போச்சு. உடனை போய் வாங்குங்கோ. சான்றிதழும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

நிலையத்தில் லவீனா சிரித்த முகத்தோடு வரவேற்றார்.

"டிஸ்க்கைத் தாங்கோ மிஸ். எனக்குப் பெட்டி வேண்டாம்."

"உள்வாங்கின பொருளை இடையிலை குடுக்க ஏலாது அம்மா. தரவுப் பாதுகாப்பு வார நிறைவு விழாவிலை மேடையிலை வைச்சுத் தருவம். உங்கடை சான்றிதழும் அண்டைக்குத்தான். அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"கொப்பி எண்டாலும் எடுத்து வைச்சிருக்கிறியளோ?"

"கொப்பி எடுக்கிறது எங்கடை பணி இல்லை. நாங்கள் பொருத்தம் மட்டுந்தான்."

பணிப்பாளரின் அறைக்குப் போனாள். அவர் விழா ஒத்திகையில் இருந்தார். அடுத்த நாளும் போனாள். கோட் தைக்கப் போயிருந்தார். மாதர் சங்கத்தில் எத்தனையோ பேருக்காக எத்தனையோ அரச கந்தோர்களில் நின்று சத்தம் போட்ட பெண் அவள். இங்கே யாரும் மறுக்கவில்லை, யாரும் ஏசவில்லை. எல்லோரும் இருக்கச் சொன்னார்கள். யாரோடு சண்டை பிடிப்பது என்று தெரியாமல் அவள் திரும்பி வந்தாள்.

விழா நாளன்று நமசிவாயம் வெள்ளை வேட்டியும் சட்டையும் அணிந்து, கழுத்துத் துணியைச் சீராகக் கட்டிக்கொண்டு வந்தார். மண்டபத்தில் நுழைந்ததும் பழைய பழக்கத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிகள் கட்டியிருந்த உயரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பராசக்தி முன்வரிசையில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, மேடையில் தன் துவாயைத் தேடினாள்.

விளக்கேற்றல், தமிழ் வாழ்த்து, வரவேற்பு நடனம், தலைமையுரை எல்லாம் முடிந்தபின் பணிப்பாளர் ஒலிவாங்கிக்கு வந்தார்.

"அடுத்ததாக, இலங்கையில் வேறெங்கும் நடந்திராத செயல்முறை விளக்கம். பழுதடையும் நிலையில் உள்ள ஒரு வன்தட்டு எவ்வாறு ஒலிக்கும் என்பதைப் பொதுமக்கள் அறியவேண்டும். அதற்காகத் தன் வன்தட்டை மனமுவந்து வழங்கிய கோப்பாயைச் சேர்ந்த தாயாருக்கு எமது நன்றிகள்."

லவீனா வன்தட்டில் ஒரு கம்பியைக் கொழுவினார். மேசையில் துவாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பராசக்தி எழும்பினாள். "மிஸ், போடாதேங்கோ!" என்றாள். முன்வரிசை எழுந்தால் புகைப்படக்காரருக்கு மறைக்கும் என்று ஓர் அலுவலர் ஓடிவந்து தோளில் கைவைத்து இருத்தினார்.

மண்டபத்தின் நான்கு மூலையில் இருந்தும் நமசிவாயத்தின் குரல் வந்தது.

"வருக வருக என வரவேற்கின்றோம்! எம்பெருமானின் அருள்வேண்டி வந்திருக்கும் அடியார்கள் அனைவரையும்..."

நமசிவாயம் நிமிர்ந்து உட்கார்ந்தார். உதடுகள் தாமாக அசைந்தன. பின்வரிசைகளில் சில வயதானவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடியார்கள் அனைவரையும், அடியார்கள் அனை, அனை, அனை என்று குரல் இழுபட்டது. நகத்தால் தட்டும் சத்தம் பெரிதாகக் கேட்டது. தகரத்தில் ஆணி கீறுவது போல ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

"முழுமையான செயலிழப்பு!" என்றார் பணிப்பாளர். "குறித்த நேரத்தில், குறித்த மேடையில். இனி எந்த நிபுணராலும் மீட்க முடியாத அளவுக்கு நேர்த்தியாக நடந்திருக்கிறது." மண்டபம் கை தட்டியது.

பராசக்திக்குக் காது அடைத்தது. யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள். யாரோ கையைப் பிடித்து இரண்டு பேரையும் மேடையில் ஏற்றினார்கள். அவள் கையில் கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு சான்றிதழ் வந்தது. அதில் தாய்ப்பலகை தன்னளவில் பொருத்தமானது என்று கஜானனும், வன்தட்டு தன்னளவில் பொருத்தமானது என்று லவீனாவும், வேறு வேறு நிற மையில் ஒப்பமிட்டிருந்தார்கள்.

"பயனாளி ஐயா ஓரிரு வார்த்தைகள் பேசுவார்," என்றார் பணிப்பாளர்.

நமசிவாயம் ஒலிவாங்கியை வாங்கினார். அதை எந்தத் தூரத்தில் பிடிப்பது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. வாயைத் திறந்தார். கழுத்துத் துணிக்குப் பின்னால் இருந்து மூச்சு மட்டும் வந்தது. அந்த மூச்சு ஒலிபெருக்கிகளில் ஏறி, மண்டபம் முழுவதும் காற்றுப் போல நிரம்பியது.

"மகிழ்ச்சியில் அவருக்கு வார்த்தை வரவில்லை," என்றார் பணிப்பாளர்.

பராசக்தி ஒலிவாங்கியை இழுத்தாள். "அவருக்குக் குரல் இல்லை ஐயா! நீங்கள் இப்ப உதிலை வைச்சுச் சாகடிச்சதுதான் அவரின்ரை குரல்!"

பணிப்பாளர் கண்ணைத் துடைத்தார். "எத்தனை உருக்கமான பாராட்டு!" என்றார். மறுபடி கை தட்டினார்கள்.

சான்றிதழை அவள் மேடை மேசையில் வைத்தாள். செத்த டிஸ்க்கைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு, கணவரின் கையைப் பிடித்து இறங்கினாள். வெளியே பஸ் தரிப்பிடத்தில் நின்றபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"சத்தம் வந்தது எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லாமல் விட்டிட்டன்."

நமசிவாயம் போனை எடுத்து எழுதிக் காட்டினார். "நானும் கேட்டனான். நீ பயப்பிடுவாய் எண்டு சொல்லேல்லை."

அப்போது பின்னால் ஒருவர் விரைவாக நடந்து வந்தார். கறுத்த, திடமான மனிதர். குருநகரைச் சேர்ந்த கடற்றொழிலாளி. கோயில் திருநாள் படங்களைச் சேர்த்துவைக்கப் இதே நிலையத்தில் பெட்டி கேட்டு அலைந்தவர். அவர் கையிலும் ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்தது.

"அண்ணை, நான் கனிசியஸ். மண்டபத்திலை அந்தக் குரல் கேட்ட உடனை எனக்கு மயிர் கூச்செறிஞ்சிட்டுது. எங்கடை படகோட்டப் போட்டிக்கு வந்து அறிவிச்சது நீங்கள்தானே?"

நமசிவாயம் தலையாட்டினார்.

"என்ரை மகன் ஓடின போட்டி. நான் போனிலை எடுத்தனான். படகைத்தான் எடுத்தனான், ஆனா முழுக்க உங்கடை சத்தந்தான் கிடக்கு. பொறுங்கோ."

மூவரும் அந்தச் சிறிய திரைக்கு மேல் குனிந்தார்கள். படகு தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. குரல் பக்கத்தில் நின்று பேசியது. தேவாரம் இல்லை, கதை இல்லை, பேரப்பிள்ளைக்குச் சொன்னது ஒன்றும் இல்லை. கரை விளிம்பில் நின்ற சனத்தை ஒதுக்கும் ஓர் அறிவிப்பு. ஒரு நிமிடம்கூட வராது. மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். பராசக்தி அதைத் தன் போனுக்கும், நமசிவாயத்தின் போனுக்கும், தனுசியாவுக்கும் அனுப்பச் சொன்னாள். கனிசியஸ் அந்த இடத்திலேயே அனுப்பினார். இந்தக் குரலைப் பதிந்தவர்கள் வேறு யாரும் இருக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்கிறேன் என்று இலக்கத்தை வாங்கிக்கொண்டு போனார்.

கோப்பாய் பஸ் நிரம்பி வந்தது. யன்னலோரம் யாரோ எழுந்து நமசிவாயத்துக்கு இடம் கொடுத்தார்கள். வாசல் மிதிபலகையில் நாலைந்து பேர் தொங்கிக்கொண்டு நின்றார்கள். பஸ் வெளிக்கிட்டதும் அவர் போனை எடுத்து, சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டி, மறுபடி போட்டார்.

"விளிம்பிலை நிக்கிறவைக்கு ஒரு அன்பான வேண்டுகோள். தயவுசெய்து உள்ளுக்கு வாங்கோ. உள்ளுக்கு இடம் இருக்கு. உங்களுக்குத்தான் சொல்லுறன், விளிம்பிலை நிக்காதேங்கோ. வீட்டிலை உங்களைப் பாத்துக்கொண்டு இருக்கினம்."

மிதிபலகையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே ஏறினார்கள். யார் சொன்னது என்று கொண்டக்டர் திரும்பிப் பார்த்தான்.

நமசிவாயம் கையை உயர்த்தினார்.